வீட்டில் விரல் குத்துவது சர்க்கரைக்கு; கிட்னிக்கு என்ன டெஸ்ட் கேட்க வேண்டும்?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்துப் பார்க்கிறார். சில விநாடிகளில் ஒரு எண் வருகிறது. அது சர்க்கரை அளவு மட்டுமே. கையில் பட்டை சுற்றிப் பார்ப்பது ரத்த அழுத்தம். இந்த இரண்டிலும் கிட்னியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் "வீட்டுக்கே வந்து ரத்தம் பார்த்துட்டாங்க, எல்லாம் சரியா இருக்கு" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறவர்கள் நிறைய. கிட்னி பாதிக்கு மேல் கெட்டுப்போன பிறகும் வலி இருக்காது, சிறுநீரும் வழக்கம்போலப் போகும். கால் வீங்கி, மூச்சு வாங்கிய பிறகு பெரியாஸ்பத்திரிக்கு ஓடும்போது செய்யக்கூடியது குறைந்துபோயிருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறோம்.

திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டிலேயே கொடுப்பது அதன் முதல் வேலை. கிட்னிக்கான பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கிறது. அதற்குக் காசு கிடையாது. கிட்னி நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கென்று 2023-இல் சுகாதாரத் துறை தனியாக ஒரு திட்டமும் தொடங்கியது. ஆகவே மேலூரோ, வாடிப்பட்டியோ, பேரையூரோ, உங்கள் ஊருக்கான ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. உங்களுக்கு உரியதைத்தான் கேட்கிறீர்கள்.

கேட்க வேண்டியவை இரண்டு டெஸ்ட்: ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். கிரியேட்டினின் என்பது தசையில் உண்டாகும் கழிவு; கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று அது காட்டும். ஆல்புமின் என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்; அது சிறுநீரில் வருகிறதா என்று பார்த்தால், சல்லடைபோல வடிகட்டும் கிட்னி கிழிந்திருக்கிறதா என்று தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பெரும்பாலும் சல்லடைதான் முதலில் கிழியும்; அந்தச் சமயத்தில் கிரியேட்டினின் நார்மலாகவே இருக்கும். ரத்தம் மட்டும் பார்த்தவருக்கு அது தெரியாமல் போய்விடும்.

சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை இரண்டையும் பார்க்க வேண்டும். கிட்னி நோய் உள்ளவர்களின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளும், கிட்னியில் கல் வந்தவர்களும், மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் மாத்திரை போடுகிறவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது. செங்கல் சூளையிலும் வயலிலும் வெயிலில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு, தண்ணீர் குடிக்க முடியாத நாட்கள் சேர்ந்து சேர்ந்து கிட்னியைப் பாதிக்கலாம்.

கிரியேட்டினினுக்கு வெறும் வயிறு தேவையில்லை. அன்றைக்கே சர்க்கரையும் பார்ப்பதாக இருந்தால் மட்டும் சாப்பிடாமல் போங்கள். முந்தின ராத்திரி கறிதோசை, சுக்கா வேண்டாம். வேகவைத்த கறியிலேயே கிரியேட்டினின் இருப்பதால், ரத்தத்தில் அளவு கூடித் தெரியலாம். ஜிம்முக்குப் போகும் பையன்கள் கிரியேட்டின் பவுடர் எடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வாந்தி பேதி, காய்ச்சல் இருக்கும் வாரத்தில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து நாள்பட்ட கிட்னி நோய் என்று முடிவுகட்ட முடியாது. தண்ணீர் வற்றியிருந்தாலே எண் ஏறும். லேப் டெக்னீஷியன் எந்த நாள் இருப்பார் என்று கிராம சுகாதார செவிலியரிடம் முன்னாடியே கேட்டுக்கொண்டால் ஒரு நாள் கூலி வீணாகாது.

சிறுநீரைக் காலையில் எழுந்ததும் முதலில் போவதில் எடுங்கள். கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். மருந்து பாட்டிலைக் கழுவி எடுத்துப்போனால் ரிப்போர்ட் தப்பாகலாம். டப்பாவை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நாட்கள், சிறுநீர்க் கடுப்பு, காய்ச்சல், கடும் உடலுழைப்புக்கு மறுநாள், இவையெல்லாம் புரதம் இருப்பதுபோலக் காட்டும். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் உள்ள புரதமும் நீர்த்துப்போய்த் தெரியாமல் போகும்.

சிறுநீரில் சிறு சோதனைப் பட்டையை முக்கிப் பார்க்கும் டெஸ்டில் புரதத்துக்கான கட்டம் மஞ்சளாக இருக்கும். புரதம் இருந்தால் வெளிர்பச்சையாகி, போகப்போகக் கரும்பச்சையாகும். முக்கி எடுத்து, பாட்டிலில் எழுதியிருக்கும் நேரத்தில், பெரும்பாலும் 60 விநாடியில், பாட்டில் மேல் இருக்கும் நிறத்தோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நிறம் மாறியிருக்கும், அதை நம்பக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் இந்தப் பட்டையை வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் மூடியை இறுக்கி மூட வேண்டும். ஈரக் காற்று பட்டால் பட்டை கெட்டுவிடும். ஒரு பிளஸ் என்றால் டெசிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் புரதம். ஆனால் இந்தப் பட்டைக்கு ஆரம்பக் கசிவு தட்டுப்படாமல் போகலாம். அதற்கு ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்க்க வேண்டும்: ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் சரி, 300-க்கு மேல் என்றால் கசிவு அதிகம்.

ரத்த ரிப்போர்ட்டில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். கிரியேட்டினின் 1.2 என்று வருகிறது. பக்கத்தில் நார்மல் 1.2 வரை என்று அச்சடித்திருக்கிறது. ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடுகிறது. அதே 1.2, இருபத்தைந்து வயது இளைஞனுக்கு என்றால் வடிகட்டும் அளவு சுமார் 86. ஐம்பத்தெட்டு வயது அம்மாவுக்கு என்றால் சுமார் 52, அதாவது கிட்னி நோயின் மூன்றாம் நிலையின் தொடக்கம். தசை குறைந்த உடம்பில் கிரியேட்டினின் குறைவாகத்தான் உண்டாகும், அதனால் அதே எண் அங்கே வேறு பொருள் தருகிறது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் இந்த அளவுக்கு இஜிஎஃப்ஆர் என்று பெயர். ரிப்போர்ட்டில் அது இல்லாவிட்டால் "இஜிஎஃப்ஆர் எவ்வளவு வருது?" என்று டாக்டரிடம் கேளுங்கள். 60-க்கு மேல் இருந்து, சிறுநீரில் புரதமும் இல்லையென்றால் பயமில்லை. 60-க்குக் கீழ் வந்தாலும் ஒரு ரிப்போர்ட்டோடு முடிவுக்கு வர வேண்டாம். மூன்று மாதம் கழித்து, முடிந்தால் அதே லேபில், மறுபடி பார்த்து அப்போதும் அப்படியே இருந்தால்தான் நாள்பட்ட நோய். 30-க்குக் கீழ் என்றால் காத்திருக்கக் கூடாது, சிறுநீரகத் துறை டாக்டரைப் பார்க்க வேண்டும். மதுரையில் அதற்கு அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிந்துரைச் சீட்டும் பழைய ரிப்போர்ட்டுகளும் வாங்கிக்கொண்டு போங்கள்.

காசு கொடுத்துத் தனியார் லேபில் வீட்டுக்கு ஆள் வரவழைத்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் மணிக்கணக்கில் கிடந்த ரத்தத்தில் பொட்டாசியம் அளவு மாறியிருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கும். ரத்தம் எடுப்பவர் ஐஸ் பெட்டி வைத்திருக்கிறாரா, எத்தனை மணிக்கு லேபுக்குப் போகும் என்று கேட்கத் தயங்காதீர்கள். விரலில் குத்தி நாமே எடுத்து அனுப்பும் பெட்டிகளும் விற்கின்றன. சொட்டு வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் மாறும். வெந்நீரில் கையைக் கழுவித் துடைத்து, விரல் நுனியின் ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாக வருவதை எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் அந்த முடிவு ஒரு முன்னறிவிப்புதான். நரம்பில் எடுத்த ரத்தத்தில் உறுதிசெய்யாமல் மருந்தை மாற்றக் கூடாது.

மாத்திரை விஷயத்தில் நடக்கும் தவறு இன்னும் கவலையானது. எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை தொடங்கியதும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம். அதைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புரதக் கசிவைக் குறைத்துக் கிட்னியைக் காப்பாற்றுவதே அந்த மாத்திரைகள்தான். நிறுத்த வேண்டியது, மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகை வலி மாத்திரைகளை. பஸ்பம் கலந்த மருந்து சாப்பிட்டு வந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

டெஸ்ட் எடுக்க மறுத்தாலோ, "இங்கே கிடையாது, வெளியே போய் எடு" என்று திருப்பி அனுப்பினாலோ 104-ஐ அழைத்து, எந்த நிலையம், எந்தத் தேதி என்று சொல்லிப் பதிவுசெய்யலாம். முதலமைச்சரின் உதவி எண் 1100.

நோய் உறுதியானவர்கள் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்துவையுங்கள். டயாலிசிஸ் தேவைப்படும் அன்று அலையக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவுசெய்யலாம். ரேஷன் கார்டில் பெயர் இல்லாத ஆளுக்குக் காப்பீடு வராது; பிறந்த வீட்டுக் கார்டிலேயே பெயர் கிடக்கும் மருமகள்களுக்கு இந்தச் சிக்கல் வரும், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் தேவையான திரவப் பைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதற்கு மருத்துவமனை கொடுத்த சீட்டின் நகலை உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்து, பெயரைப் பதியச் சொல்லுங்கள்.