பப்ளிக் ஹெல்த் நர்ஸ்: மக்கள் நல்வாழ்வுச் செவிலியர்

மருத்துவமனைச் செவிலியரை நாடி நோயாளி வருகிறார். பப்ளிக் ஹெல்த் நர்ஸோ வீடு தேடிப் போகிறார். கருவுற்றவர், கைக்குழந்தை, பள்ளிப் பிள்ளை, முதியவர், இன்னும் எந்த நோயும் வராதவர் என்று ஓர் ஊரே அவர் பொறுப்பு.

‘நர்ஸ்’ என்பதன் வேர், ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் லத்தீன் வினை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது பாலூட்டி வளர்ப்பவளைக் குறித்தது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘தாதி’க்கு மூலமான வடமொழித் ‘தாத்ரி’க்கும் அதே பொருள்தான். நம் ‘செவிலி’யும் வளர்ப்புத்தாயே. அதிலும், காதலனோடு உடன்போக்கில் சென்றுவிட்ட மகளைத் தேடிப் பாலை வழியில் நடந்து, எதிரே வருவோரை விசாரிப்பவள் சங்கப் பாடல்களின் செவிலி. வெளியே இறங்கித் தேடும் இந்தப் பணிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

‘பப்ளிக் ஹெல்த் நர்ஸ்’ என்ற தொடரை வழக்குக்குக் கொண்டுவந்தவராக அறியப்படுபவர் அமெரிக்கச் செவிலியர் லிலியன் வால்ட். 1893இல் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்று பணியைத் தொடங்கியவர். கண்நோய், பேன், படர்தாமரை என்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து திருப்பியனுப்பிய காலம் அது. 1902இல் லினா ரோஜர்ஸ் என்ற செவிலியரைப் பள்ளிகளுக்கு அனுப்பினார் வால்ட். ரோஜர்ஸ் பள்ளியிலேயே மருந்திட்டார், வீட்டுக்கும் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார். விடுப்பு வெகுவாகக் குறைந்தது.

அன்று தொற்றும் துப்புரவுமே முதன்மை. இன்று சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு, முதுமைத் தனிமை ஆகியவையும் சேர்ந்துவிட்டன. மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தால் பாதி பிரிக்கப்படாமலே இருக்கும். ஏன் என்று அதட்டாமல் கேட்டுப் பதிலை வாங்குவதில்தான் இவர் திறமை. தடுப்பூசி போடுவதோடு, அதைப் பற்றிய வதந்திக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கோவிட் காலத்தில் தொற்றாளரின் தொடர்புகளைத் தேடிக் கண்டறிந்ததிலும் இவர்களுக்குப் பங்குண்டு. கையிலிருந்த பதிவேடு பல இடங்களில் கணினிக்கு மாறியிருக்கிறது. எந்தத் தெருவில் எந்த நோய் கூடுகிறது என்று உடனே தெரிவது பெரும் நன்மை. ஆனால் பதிவுக்குப் போகும் நேரம், பேசும் நேரத்தைத் தின்றுவிடக் கூடாது.

‘பொதுச் சுகாதாரச் செவிலியர்’ என்ற வழக்குச்சொல் பிழையன்று. சுகத்துக்கு ஆதாரம் என்பதே சுகாதாரம். ஆனால் ‘சுகாதாரமற்ற இடம்’ என்றால் நாம் அழுக்கைத்தான் நினைக்கிறோம், அந்த அளவுக்குப் பொருள் சுருங்கிவிட்டது. மனநலமும் முதுமையும் அடங்கிய இன்றைய பணிக்கு ‘மக்கள் நல்வாழ்வுச் செவிலியர்’ என்பதே நிறைவு. ‘பொதுநலச் செவிலியர்’ என்றால் தொண்டர் என்ற பொருள் வந்துவிடும், தவிர்க்கலாம். ‘செவிலி’ பெண்பாற்சொல்லானாலும், ‘செவிலியர்’ என்பதை இன்று ஆண்களுக்கும் தயங்காமல் ஆளலாம்.