போர்ஹோல் என்கிற துரவு

2018 பிப்ரவரியில் டர்பனிலிருந்து கேப்டவுன் போயிருந்தேன். வறட்சியால் குழாயை மூடப்போகும் நாளுக்கு 'டே ஜீரோ' என்று பேர் வைத்து ஊரே நாள் எண்ணிக்கொண்டிருந்த நேரம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான். ஆனால் சில வீடுகளில் மட்டும் புல்தரை பச்சைப்பசேல் என்று இருந்தது. கேட்டில் ஒரு பலகை: 'போர்ஹோல் தண்ணீர்', அதாவது ஆழ்துளைக் கிணற்று நீர். பலகையே வேண்டியதில்லை, தண்ணீர் தெளித்த வெள்ளைச் சுவரில் இடுப்பளவுக்குத் துருக்கறை. நிலத்தடி நீரில் இரும்பு அதிகம் இருந்தால் காற்றுப் பட்டதும் அப்படிப் பழுத்துவிடும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'போர்' என்றால் துளையிடுவது, 'ஹோல்' துளை. ஆஃப்ரிகான்ஸில் 'பூர்ஹாட்', பொருளும் அதுவே, முன்பாதியின் வேரும் அதுவே. லத்தீனின் 'ஃபொராரே' (துளைப்பது) இந்தப் 'போர்'-க்குப் பங்காளி. பிரெஞ்சில் 'ஃபொராஜ்' என்பது அதன் வழி வந்தது. தமிழ்நாட்டில் 'போர்வெல்', இன்னும் சுருக்கினால் 'போர்'. அங்கிருந்து ஃபோனில் பேசிய சொந்தக்காரர் "வீட்ல போர் போட்டாச்சு" என்றதும், "யாரோட சண்டை?" என்று கேட்டார் எங்கள் ஆயா. வைக்கோற்போர் என்று நினைத்திருந்தாலும் தப்பில்லை.

தமிழில் நிலைத்துவிட்ட சொல் 'ஆழ்துளைக் கிணறு'. நல்ல சொல்தான். எனக்கு உறுத்துவது அந்தக் 'கிணறு' மட்டும். கிணறு என்றால் எட்டிப் பார்க்கலாம். கோடையில் எத்தனை உறை வெளியே தெரிகிறது, கயிறு எத்தனை முழம் கூடுதலாக இறங்குகிறது என்று கண்ணும் கையும் சொல்லிவிடும். ஒரு சாண் அகலத் துளைக்குள் என்ன தெரியும்? மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கிற அன்றைக்குத்தான் மட்டம் இறங்கியது தெரியவரும். பக்கத்து வீட்டுக்காரர் இழுப்பதும் அதே நீர்தான். தென்னாப்பிரிக்காவின் 1998 நீர்ச் சட்டப்படி காலுக்கடியில் இருக்கும் தண்ணீரும் பொதுச்சொத்து. கேட்டில் பலகை மாட்டியவருக்குச் சொந்தமில்லை.

அப்படியானால் வேறு சொல் உண்டா? 'தோட்டம் துரவு' என்கிறோமே, அந்தத் துரவு. 'துர' என்றால் துளைப்பது, குடைவது. தச்சரின் துரப்பணம் இதே வேர். அதாவது 'போர்' செய்கிற வேலையை அப்படியே செய்கிற தமிழ் வேர். கரும்புக் காட்டு ஒப்பந்தம் முடிந்து, காய்கறி போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. என் காதில் 'தோட்டம்' நிறைய விழுந்திருக்கிறது. துரவை அகராதியில்தான் கண்டேன். அகராதித் துரவு என்னவோ பாசனத்துக்கான வாய் அகன்ற பெரிய கிணறு. அதனால் ஆழ்துளைக் கிணற்றை எழுத்தில் மாற்றச் சொல்லமாட்டேன். பேச்சில் போர்ஹோலுக்குப் பதில் துரவு என்று சொல்லிப் பார்க்கலாம், வாய்க்கு இதமாக இருக்கிறது.

அப்புறம், இதோடு ஒட்டிவரும் 'ரீசார்ஜ்', அதாவது நிலத்தடி நீரை மறுபடி நிரப்புவது. கேப்டவுனுக்கு வடக்கே அட்லாண்டிஸ் என்ற ஊரில் 1979 முதல் மழைநீரையும் சுத்திகரித்த கழிவுநீரையும் மணற்பாங்கான நிலத்தில் குளமாகத் தேக்கி, உள்ளே இறங்க விட்டு, பிறகு ஆழ்துளைகள் வழியே மேலே எடுக்கிறார்கள். ஆற்று அணைகள் வற்றும் காலத்துக்கும் இது ஒரு கைகொடுப்பு. பாடநூல்கள் இதை 'செறிவூட்டல்' என்கின்றன. ஏதோ சத்துமாவு விஷயம்போல இருக்கிறது. எனக்கு 'ஊறவிடுதல்' போதும். ஊற்று என்ற சொல்லே ஊறுவதிலிருந்து வந்ததுதானே. கிணறு இன்னும் ஊறவில்லை, ராத்திரி ஊறட்டும், காலையில் இறைக்கலாம் என்று ஆயா சொல்லும்போது அதற்கு விளக்கம் யாரும் கேட்டதில்லை.