கடலோர வீட்டில் கடல்நீர்த் தொட்டி: வாளியோடு கரைக்குப் போகாதீர்கள்

கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் வட்டாரத்தில் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் கடல்நீர் மீன் தொட்டி அமைத்துப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். ஆறடி, எட்டடித் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். "தம்பி, வாசலைத் தாண்டினா கடல். தண்ணி, கல்லு, மீனு எல்லாம் சும்மா கிடக்கு. நீங்க எதுக்கு உப்பைக் காசு குடுத்து வாங்கச் சொல்றீங்க?"

கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் நான் பார்த்தவரை, கடலோரத்து வீடுகளில் தொட்டி நாசமாவதற்கும், சட்டச் சிக்கல் வருவதற்கும், நம் கடலுக்குக் கேடு சேர்வதற்கும் இந்த எண்ணம்தான் வேர். பவளத் தொட்டி வையுங்கள், நன்றாக வையுங்கள். ஆனால் பக்கத்துக் கடலிலிருந்து எதையும் எடுக்காமல், அதற்குள் எதையும் விடாமல் வையுங்கள்.

முதலில் கல். தொட்டிக்குள் அடுக்கும் கல் அழகுக்கு மட்டும் அல்ல. அதன் நுண்துளைகளில் குடியேறும் பாக்டீரியாதான் மீன் கழிவின் நஞ்சை முறிக்கிறது. துளை நிறைந்த கல் வேண்டும் என்றதுமே இங்கே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளக்கல். அதை வெறும் கல்லாகப் பார்த்தே நமக்குப் பழக்கமாகிவிட்டது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். பவளத்தின் வரிகள் அப்படியே தெரியும். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தலைமுறை தலைமுறையாக வெட்டி எடுத்தோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் மூழ்கிப் போனதற்கு அந்தப் பவளக்கல் அகழ்வு ஒரு முக்கியக் காரணம்.

1986-இல் இந்தத் தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். குற்றம் நிரூபணமானால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. "செத்துப்போன பவளம்தானே, கரையில பொறுக்கினதுதானே" என்பது சட்டத்தின் முன் எடுபடாது. சட்டத்தை விடுங்கள், கடலுக்கே அந்தச் செத்த கல் தேவைப்படுகிறது. நீரில் மிதந்து வரும் இளம் பவளப் பூச்சி, அதாவது பவளத்தைக் கட்டும் சிறு உயிர், மணலில் ஒட்டாது. கெட்டியான கல்லைத் தேடித்தான் ஒட்டும். பழைய பவளத்தின் எலும்புக்கூட்டின் மேல்தான் புதுப் பவளம் ஏறுகிறது. உருண்டைப் பவளங்கள் வளர்வதோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்.

தொட்டிக்கு அந்தக் கல் அவசியமும் இல்லை. மீன் தொட்டிக்கென்றே சுட்டெடுத்த துளையுள்ள செராமிக் கல் கிடைக்கிறது. பாக்டீரியாவுக்கு அது போதும். அடியில் போடும் மணலும் பாக்கெட்டில் வருவதாகவே இருக்கட்டும்.

அடுத்து உயிர்கள். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "மணலைச் சுத்தமாக வைக்கக் கடல் அட்டை ரெண்டு விடலாமா?" என்று கேட்கிறார்கள். அங்கே சொல்வது அவர்கள் நாட்டுக்கு. இங்கே கடல் அட்டையும் கடல் குதிரையும் அதே 2001-இல் முதல் பட்டியலுக்குள் வந்தவை. கடையில் விற்கிறார்கள் என்பதும் பாதுகாப்பு அல்ல. பவளமோ வேறு உயிரோ, எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் கேளுங்கள். காகிதம் இல்லையென்றால் வாங்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் மண்டபம் அல்லது கீழக்கரை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மீன் விஷயத்தில் மனசைக் கஷ்டப்படுத்துவது வண்ணத்துப்பூச்சி மீன். வலையில் சிக்கியதை யாராவது வாளியில் போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். மஞ்சளும் கறுப்புமாக, பார்க்க அவ்வளவு அழகு. இந்த மீன்களில் பலவற்றுக்குப் பவளப் பூச்சிதான் இரை. தொட்டியில் விட்டால் முதல் சில நாள் சுறுசுறுப்பாகச் சுற்றும், கல்லைக் கல்லைக் கொத்தும். நாம் போடும் தீவனம் வாயருகே விழுந்தாலும் தொடாது. பிறகு வயிறு உள்வாங்கும். தலைக்குப் பின்னால், முதுகின் மேற்பக்கம் ஒரு குழி விழும். அந்தக் குழி விழுந்தபின் பெரும்பாலும் எதுவும் செய்ய முடியாது. பட்டினியால்தான் சாகிறது; வீட்டுக்காரரோ தண்ணீர் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

அதற்குப் பதில் பண்ணையில் பொரித்த கோமாளி மீனை வாங்குங்கள். பிள்ளைகள் நீமோ என்று கேட்பதும் இதைத்தான். இதைக் குஞ்சு பொரிக்கும் முறையை உருவாக்கியவர்களில் நம் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் உண்டு. தொட்டியிலேயே பிறந்த மீன் என்பதால் தீவனத்துக்கு முதல் நாளே வாயைத் திறக்கும். நல்ல பராமரிப்பில் பத்து ஆண்டுக்கு மேலும் இருக்கும். நீல நிற டோரி மீனைக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடையில் இரண்டு அங்குலம் இருக்கும் அது ஓரடி வரை வளரக்கூடியது. ஆறடிக்குக் குறைந்த தொட்டியில் அதைப் போட வேண்டாம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். கடல்நீரை அப்படியே கொண்டுவந்து ஊற்றக் கூடாதா? வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழம் குறைந்தது, காற்றடித்தால் கலங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பு இறங்கும், கோடையில் ஏறும். படகுகள் நிற்கும் இடத்தில் டீசல், ஊருக்குப் பக்கத்தில் சாக்கடை. இதெல்லாம் தாண்டி, பூங்கோரை எனும் நுண்ணுயிர்ப் பெருக்கம் வந்து கடல் பச்சையாகும் நாட்கள் இருக்கின்றன. 2019 செப்டம்பரில் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகி மன்னார் வளைகுடாவில் மீன்கள் செத்து ஒதுங்கியதை இந்தப் பக்கத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பெரிய கடலிலேயே ஆக்சிஜன் இல்லாமல் மீன் சாகிறது என்றால், அந்தத் தண்ணீரை அறுநூறு லிட்டர் தொட்டியில் அடைத்தால் என்ன ஆகும்? குஞ்சுப் பொரிப்பகங்கள் கடல்நீர்தான் எடுக்கின்றன. ஆனால் மணல் வடிகட்டி, குளோரின், பரிசோதனை எல்லாம் வைத்திருக்கிறார்கள். வீட்டில் அது நடக்காது.

அதனால் ஆர்.ஓ. தண்ணீர், அதில் மீன் தொட்டிக்கான கடல் உப்பு. நம் பக்கத்து போர் தண்ணீரில் ஆர்.ஓ. இயந்திரம் படும் பாடு உங்களுக்கே தெரியும். அதற்குப் பின் மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. வடிகட்டியும் வைத்து, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் வரை விடாதீர்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கலந்தபின் ஒப்படர்த்தி 1.025 இருக்க வேண்டும். உப்பைத் தண்ணீரில் போட்டு, ஒரு இரவு பம்பு ஓடவிட்டு, மறுநாள் அளந்து பாருங்கள்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நம் வெயிலுக்கும் காற்றாடிக்கும் பெரிய தொட்டியில் ஒரு நாளில் பல லிட்டர் குறையும். அந்தக் குறையை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போனால் சில வாரத்தில் தொட்டி உப்பளமாகிவிடும். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுவது வேறு கணக்கு. அதற்கு மட்டும்தான் உப்புத் தண்ணீர்.

தண்ணீர் நிரப்பிய அன்றே மீன் விட வேண்டும் என்று வீட்டில் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லில் நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் தொட்டியில் துளி அம்மோனியா விட்டு வாரத்துக்கு இரண்டு முறை சோதித்துப் பார்ப்பேன். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து மருந்து விட்டுக் குலுக்கினால் முதல் வாரங்களில் அடர்பச்சை வரும். விட்ட அம்மோனியா மறுநாளே காணாமல் போய், குழாய் தெளிந்த மஞ்சளில் நிற்கிறது, நைட்ரைட்டும் பூஜ்யம் என்ற நிலை வரும்போதுதான் முதல் ஜோடி கோமாளி மீன். அதற்கும் பல மாதம் கழித்துத்தான் பவளம்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதை முன்னமே முடிவு செய்யுங்கள். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி சுமார் 680 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல், தாங்கி எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும் எடை. மாடியில் என்றால் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்டை இந்த உப்புக் காற்று சும்மா விடாது. செங்கல் கட்டி மேலே கடப்பைக் கல் போடுவது எனக்குப் பிடித்த வழி.

சூடுதான் நம் ஊரில் பெரிய எதிரி. தொட்டி 25 முதல் 27 டிகிரியில் நிற்க வேண்டும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தது கோடையில் கடல் நீர் அளவு மீறிச் சூடானதால்தான். சித்திரை, வைகாசியில் நம் கூடத்திலோ அதைவிடச் சூடு. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் பவளம் வைக்க நினைப்பதை விட்டுவிடுங்கள். மின்சாரம் போனால் சில்லரை இன்வெர்ட்டரில் ஓட்ட முயல வேண்டாம். பெரிய தொட்டி மெதுவாகத்தான் சூடேறும். ஆக்சிஜன் அதற்கு முன்பே தீரும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பராமரிப்புக்குப் போகும் வீட்டில் மீனைப் பார்ப்பதற்கு முன் நான் தொட்டிக்குக் கீழே குனிந்து பிளக்கைத்தான் பார்ப்பேன். உப்புத் துளி ஒயர் வழியாக இறங்கி, காய்ந்து, பிளக் முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதைத் தட்டிவிட்டால் உள்ளே பித்தளை பச்சையாக அரித்திருக்கும். அந்த வீட்டில்தான் பிள்ளைகள் மீனுக்குத் தீவனம் போடக் கையை விடுகிறார்கள். 30 மில்லி ஆம்பியரில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த் இரண்டும் இல்லாத வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்கவே கூடாது. ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். அப்போது துளி வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடும் முன் எல்லா இணைப்பையும் அணையுங்கள்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. பட்டன் மாதிரி கூட்டமாக வளரும் சோவாந்திட் என்ற பவள உறவு உயிர்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டு வேகவைக்கவே கூடாது. ஆவியோடு நஞ்சு கிளம்பும். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்தபோது ஒரு குடும்பமும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டியில் விடாதீர்கள். மீன் தொட்டி நீரிலிருந்து வரும் ஒரு வகை மைக்கோபாக்டீரியம் தோலில் ஆறாத கட்டியாக நிற்கும். அப்படி ஏதாவது வந்தால், வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, அலுத்துப்போன தொட்டி. ஊர் மாறுகிறார்கள், பிள்ளைகள் படிக்கப் போய்விடுகிறார்கள், அப்புறம் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "கடல்லயே விட்டுடலாம், பாவம் பொழச்சுப் போகட்டும்" என்பார்கள். இரக்கத்தில் சொல்வதுதான். ஆனால் எங்கிருந்தோ வந்த மீனோடு அதன் நோயும், கல்லில் ஒட்டிய பாசியும் சேர்ந்து போகும். மத்தியதரைக் கடலில் 1984-இல் மொனாக்கோ அருங்காட்சியகத்துக்கு அருகே முதலில் தென்பட்ட காலெர்ப்பா என்ற தொட்டிப் பாசி, பல நாடுகளின் கரை வரை பரவியது. நம் பக்கத்திலேயே, வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்தது 2008-இல் பதிவானது. பாசி மூடிய பவளத்துக்கு வெளிச்சம் இல்லை, பிறகு உயிரும் இல்லை.

மீனை வேறு தொட்டிக்காரருக்கோ வாங்கிய கடைக்கோ கொடுங்கள். எங்களைப் போன்றவர்களிடம் சொன்னால் இடம் பார்த்துத் தருவோம். பாசியை நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். கல்லில் சோவாந்திட் இருந்தால் முதலில் எங்களைக் கூப்பிடுங்கள். சோவாந்திட் இல்லாத கல் மொட்டை மாடி வெயிலில் சில வாரம் காயட்டும். பழைய தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் திறந்து வைத்தபின், கிணற்றுக்கும் தென்னைக்கும் எட்டாத உவர் நிலத்தில் ஊற்றுங்கள். ராமேஸ்வரம், தங்கச்சிமடம் மணல் வீடுகளில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் மெல்லிய அடுக்கு. கொல்லையில் ஊற்றும் தொட்டித் தண்ணீர் உங்கள் ஊற்றில் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு ஊற்றிலும் போய்ச் சேரும்.