மணிமுடிக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி "திருமன்னி வளர" என்று தொடங்கும். வென்ற நாடுகளை அடுக்கிக்கொண்டே போகும் அந்த வரிகளில் மணிமுடிகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஈழத்து அரசரின் முடி, அவருடைய தேவியரின் முடி, "முன்னவர் பக்கல் தென்னவர் வைத்த சுந்தர முடி", கேரளன் குலதனமாகச் சூடிவந்த முடி, சாந்திமத் தீவில் பரசுராமன் வைத்ததாகச் சொல்லப்படும் செம்பொன் முடி. ஊர்களுக்கும் ஆறுகளுக்கும் நடுவே இத்தனை முடிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார் அந்தப் புலவர்.

இதில் மூன்றாவதுதான் நம் கதை. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் பராந்தக சோழன் பாண்டிய நாட்டைப் பிடித்தான். தோற்ற இராசசிம்ம பாண்டியன் ஈழத்துக்குப் போய் உதவி கேட்டான். கிடைக்கவில்லை. குலத்துக்குரிய மணிமுடியையும் இந்திரன் ஆரத்தையும் ஈழத்து அரசனிடம் ஒப்படைத்துவிட்டுக் கேரளத்துக்குப் போய்விட்டான். பராந்தகன் அவற்றைக் கேட்டு ஈழத்துக்கு ஆள் அனுப்பினான், மறுத்ததும் படையை அனுப்பினான். அப்போதைய ஈழத்து அரசன் நான்காம் உதயன் முடியோடு தெற்கே ரோகணத்துக் காடுகளுக்குள் ஓடிவிட்டான், சோழப் படை வெறுங்கையோடு திரும்பியது என்கிறது மகாவம்சம். அதன்பின் இரண்டு தலைமுறைக்கும் மேல் கழிந்து, 1017 வாக்கில்தான் இராசேந்திரனின் படை ஈழத்து அரசன் ஐந்தாம் மகிந்தனையும் அந்த முடியையும் சேர்த்துக் கொண்டுவந்தது.

மதுரை அதற்கு வெகுகாலம் முன்பே சோழர் கையில்தான் இருந்தது. பராந்தகன் "மதுரையும் ஈழமும் கொண்ட" என்றே பட்டம் போட்டுக்கொண்டான். பொன்னுக்கும் குறைவில்லை, பொற்கொல்லருக்கும் குறைவில்லை. புதிதாக ஒரு முடி செய்துகொள்ளாமல், கடல் கடந்து காட்டுக்குள் கிடக்கும் பழைய முடிக்காக ஏன் இவ்வளவு பாடு?

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் சேர்ல் உண்மைகளை இரண்டாகப் பிரித்தார். எவரெஸ்ட் உச்சியில் பனி இருப்பது ஒரு வகை. அதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் பனி அங்கே இருக்கும். பணம், திருமணம், நாட்டு எல்லை எல்லாம் இன்னொரு வகை. நாம் கூட்டாக ஒப்புக்கொள்வதால் மட்டுமே அவை உண்மையாக இருக்கின்றன. அரச பதவி இந்த இரண்டாம் வகை. ஒருவன் உடம்பை எங்கே சோதித்தாலும் அவன் அரசன் என்பதற்கான தடயம் கிடைக்காது. ஊர் ஒப்புக்கொண்டால் அரசன், இல்லையென்றால் ஆயுதம் வைத்திருக்கும் ஓர் ஆள்.

சரி, ஊர் எப்படி ஒப்புக்கொள்கிறது? ஒரு படைவீரனின் நிலையில் நின்று யோசித்தால் புரியும். அரசுரிமைக்கு இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள். யார் பக்கம் நிற்பது என்று அவன் முடிவுசெய்ய வேண்டும். தோற்கும் பக்கம் நின்றால் தலை போய்விடும். ஆகவே அவன் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "மற்றவர்கள் யார் பக்கம் நிற்பார்கள்?" என்பதுதான். மற்ற ஒவ்வொருவனும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறான். இப்படிப்பட்ட சிக்கலில் பேசிவைத்துக்கொள்ளாமலே எல்லார் கண்ணும் போய் நிற்கிற ஒரு புள்ளி தேவைப்படுகிறது. பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் இதை ஆராய்ந்தார். முன்பின் பேசாத ஒருவரை நியூயார்க் நகரில் சந்திக்க வேண்டும், எங்கே போவீர்கள் என்று அவர் கேட்டபோது, பலர் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சொன்னார்கள். எல்லாருக்கும் தோன்றும் இடம் என்று எல்லாருக்கும் தெரிந்த இடம் அது.

மணிமுடி அப்படிப்பட்ட ஒரு புள்ளி. அதனால்தான் அது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். பத்து முடி செய்ய முடிந்தால் பத்துப் பேர் சூடிக்கொள்வார்கள், குழப்பம் தீராது. பழைய முடி எங்கோ ஒளிந்திருக்கும்வரை, அதை எடுத்து வரும் ஒரு பாண்டிய வாரிசின் பின்னால் நாடு திரளக்கூடும். இராசேந்திரன் அந்த வாசலை அடைத்தான். சில ஆண்டுகளில் தன் மகனைச் சோழபாண்டியன் என்ற பட்டத்தோடு மதுரையில் அமர்த்தினான்.

காலச் சக்கரம் சுழன்று 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் கை ஓங்கியது. முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்து, சோழர் மண்ணிலேயே வீராபிஷேகம் செய்துகொண்டான். அப்புறம், அடிபணிந்த மூன்றாம் குலோத்துங்கனுக்கு முடியையும் நாட்டையும் திருப்பிக் கொடுத்தான். "சோணாடு வழங்கியருளிய" என்பது அவனுடைய பட்டங்களில் ஒன்று. எடுக்கவும் கொடுக்கவும் முடிகிற ஒரு பொருளில் அரசுரிமையை ஏற்றி வைத்தால் இந்த வசதி வந்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டை அதன் எல்லைவரை கொண்டுபோன நாடு ஹங்கேரி. அங்கே முடி அரசனுக்குச் சொந்தமில்லை, அரசன்தான் முடிக்குக் கட்டுப்பட்டவன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். புடாபெஸ்ட் நகரின் நாடாளுமன்றக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது ஹங்கேரியின் புனித முடி. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். உள்விட்டம் 20 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது எந்தத் தலைக்கும் பெரிது. உள்ளே தோல் பட்டை வைத்துத்தான் சூட முடியும். இரண்டு வேறு வேலைகளைச் சேர்த்து ஒட்டிய பொருள் அது. கீழே ஒரு வட்டப் பட்டை, கிரேக்க எழுத்துகளோடு. மேலே குறுக்காகச் செல்லும் வளைவுகள், லத்தீன் எழுத்துகளோடு. இரண்டிலும் பொன்னும் வெள்ளியும் கலந்த விகிதமே வேறு.

பட்டையின் பின்புறத்தில் மூன்று எனாமல் படங்கள் இருக்கின்றன. மேலே பைசாந்தியப் பேரரசர் ஏழாம் மைக்கேல். கீழே ஒரு பக்கம் இளம் பேரரசர் கான்ஸ்டன்டைன், மறுபக்கம் ஹங்கேரி அரசர் கேசா. பேரரசர் இருவர் தலையைச் சுற்றியும் ஒளிவட்டம் உண்டு, கேசாவுக்கு இல்லை. அவர்கள் பெயர் சிவப்பில் இருக்கிறது, கேசாவின் பெயர் கருநீலத்தில். கேசாவின் கண்கள் பேரரசரின் பக்கம் திரும்பியிருக்கின்றன. யார் பெரியவர் என்று ஒரு கையகலத்துக்குள் சொல்லி முடித்துவிட்டார் அந்தக் கைவினைஞர்.

கி.பி. 1000 வாக்கில் முடிசூடிய முதல் அரசர் புனித ஸ்டீபனுக்குப் போப்பாண்டவர் அனுப்பிய முடி இதுதான் என்பது ஹங்கேரியரின் நெடுங்கால நம்பிக்கை. ஸ்டீபன் இறந்தது 1038-இல். மைக்கேல் ஆண்டதோ 1071 முதல் 1078 வரை. இந்தப் பட்டை ஸ்டீபன் தலையில் இருந்திருக்க வழியில்லை. ஆனால் முடியின் வலிமைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. அது ஸ்டீபனுடையது என்று எல்லாரும் நம்புகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

எவ்வளவு தூரம் போதுமானது என்பதற்கு, ஹங்கேரியின் அரசுரிமை கோரிய சார்லஸ் ராபர்ட் சாட்சி. 1301-இல் பழைய அரசமரபு அற்றுப்போனது. அவருக்கு எஸ்தெர்கோமில் ஏதோ ஒரு முடியைச் சூட்டினார்கள். எடுபடவில்லை. 1309-இல் போப்பின் தூதர் முன்னிலையில், புதிதாகச் செய்து புனிதப்படுத்திய முடியைச் சூட்டினார்கள். அதுவும் எடுபடவில்லை. உண்மையான முடி திரான்சில்வேனியாவின் ஆளுநர் கையில் இருந்தது. அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்து, நெருக்கி, முடியை வாங்கிய பிறகு 1310-இல் மூன்றாம் முறை முடிசூட்டு நடந்தது. அதைத்தான் நாடு ஏற்றது. சரியான முடி, எஸ்தெர்கோம் பேராயரின் கை, செகேஷ்ஃபெஹெர்வார் நகரம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் செல்லாது.

நம் பெரியபுராணத்தில் வரும் கூற்றுவ நாயனார் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். களந்தைத் தலைவரான அவர் பல நாடுகளை வென்றுவிட்டுத் தில்லைக்கு வந்து முடிசூட்டும்படி கேட்டார். சோழர் குலத்தவர்க்கன்றிச் சூட்டமாட்டோம் என்று தில்லைவாழ் அந்தணர் மறுத்தார்கள். முடியைக் காக்க ஒரு குடும்பத்தை விட்டுவிட்டு மலைநாட்டுக்கே போய்விட்டார்கள். முடியும் தில்லையில், படையும் அவர் கையில். ஆனாலும் அவர் எடுத்துச் சூடிக்கொள்ளவில்லை, இறைவன் திருவடியையே முடியாக வேண்டினார். சேக்கிழார் பக்தியாகச் சொல்லும் இந்த நிகழ்ச்சியில் அரசியல் நுட்பமும் இருக்கிறது. சூட்ட உரிமையுள்ளவர் சூட்டாவிட்டால் தலையில் இருப்பது வெறும் பொன்.

மீண்டும் ஹங்கேரி. 1440-இல் அரசர் இறந்திருந்தார், அரசி எலிசபெத் நிறைமாதம். பிரபுக்கள் போலந்து அரசரை அழைக்கத் திட்டமிட்டார்கள். அரசி தன் பணிப்பெண் ஹெலீன் கொட்டன்னரை விஷெக்ராத் கோட்டைக்கு அனுப்பினார். பூட்டை அறுத்து, முடியை எடுத்து, ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து, உறைந்துகிடந்த டான்யூப் ஆற்றைச் சறுக்குவண்டியில் கடந்து கொண்டுவந்தார்கள். வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் ஆண் குழந்தை பிறந்தது. பன்னிரண்டு வாரக் குழந்தைக்கு மே மாதம் முறைப்படி முடிசூட்டியாயிற்று. இந்தத் திருட்டை கொட்டன்னரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நடுக்கமும் பிரார்த்தனையுமாக நகரும் அந்தப் பக்கங்களைப் படிப்பவர்கள், அரசியலின் கனம் ஒரு பெண்ணின் மடியில் இருந்த இரவை மறக்க மாட்டார்கள்.

பிரபுக்கள் விடவில்லை. ஜூலையில் போலந்து அரசருக்கு, புனித ஸ்டீபனின் திருப்பண்டப் பேழையில் இருந்த வேறொரு முடியைச் சூட்டினார்கள். கூடவே ஓர் ஆவணத்தில், முடிசூட்டு நாட்டோரின் விருப்பத்தைச் சார்ந்தது, முடியின் வலிமை அவர்களுடைய சம்மதத்தில்தான் இருக்கிறது என்று எழுதிவைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர்கள் விளக்கியதை 1440-லேயே சட்ட மொழியில் சொல்லிவிட்டார்கள்! ஆனாலும் சம்மதம் ஓர் ஆவணத்தால் இடம் மாறவில்லை. 1463-இல் மாத்யாஷ் அரசர் 80,000 பொற்காசு கொடுத்துப் பழைய முடியை மீட்டார். அவர் அதற்குள் ஐந்தாண்டுக்கு மேல் ஆட்சியில் இருந்தவர். முடி வந்தபிறகு 1464-இல்தான் முடிசூட்டு.

முடி அரசனைக் கட்டிப்போடவும் செய்யும். சூடும்போது நாட்டின் சட்டத்தைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். அதைத் தவிர்க்கவே, வியன்னாவிலிருந்து ஹங்கேரியையும் ஆண்ட பேரரசர் இரண்டாம் ஜோசப் முடிசூட மறுத்து, 1784-இல் முடியை வியன்னாவுக்குக் கொண்டுபோனார். ஹங்கேரியர்கள் அவரைத் "தொப்பி ராஜா" என்றே அழைத்தார்கள். 1790-இல், இறப்பதற்குச் சில நாள் முன்பு, முடியைத் திருப்பி அனுப்பினார்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1649-இல் அரசர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய நாடாளுமன்றம், பழைய முடிகளை உருக்கவும் செய்தது. முடியாட்சி திரும்பியதும் 1661-இல் புதிய முடி செய்து, பழைய புனித எட்வர்டின் பெயரையே வைத்தார்கள். 1911 வரை முடிசூட்டு விழாக்களுக்குக் கற்களை வாடகைக்கு எடுத்துப் பதித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஹங்கேரியில் இப்படி நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆங்கிலேயரின் ஒப்புதல் பொருளிலிருந்து விலகிச் சட்டத்துக்குப் போய்விட்டது. எட்டாம் எட்வர்ட் 1936-இல் முடியே சூடாமல் பத்து மாதத்துக்கு மேல் அரசராக இருந்துவிட்டு விலகினார்.

உருவமில்லாத இந்தச் சட்ட முடி இன்னும் நீளமான கை கொண்டது. இலங்கையில் 1840-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பயிரிடப்படாத, உரிமைப் பத்திரம் இல்லாத நிலம் எல்லாம் முடிக்குரியது என்று எடுத்துக்கொண்டது. மலைநாட்டுக் காடுகள் அப்படித்தான் காப்பித் தோட்டங்களாகவும் பிறகு தேயிலைத் தோட்டங்களாகவும் மாறின. அங்கே உழைக்கத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அவர்கள் யாரும் அந்த முடியைக் கண்ணால் பார்த்ததில்லை.

வடிவத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுமார் 5,000 ஆண்டுப் பழமையான எகிப்தின் நார்மர் கற்பலகையில், ஒரு பக்கம் அரசன் மேல் எகிப்தின் வெள்ளை முடியோடும் மறுபக்கம் கீழ் எகிப்தின் சிவப்பு முடியோடும் நிற்கிறான். பிற்காலத்தில் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தி இரட்டை முடி ஆக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதைப் படித்துவிடலாம். நம் கோயில்களிலும் அப்படித்தான். சடையைச் சுருட்டி அடுக்கியது போலிருந்தால் சடாமகுடம், சிவனுக்குரியது. உயர்ந்த உருளையாக எழுந்தால் கிரீடமகுடம், திருமாலுக்கு. கவிழ்த்த கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல் குறுகிப்போனால் கரண்டமகுடம், பெரும்பாலும் தேவியருக்கும் பரிவார தெய்வங்களுக்கும். அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது தலையை முதலில் பாருங்கள், யார் எந்தப் படியில் என்பது பாதி புரிந்துவிடும்.

ஹங்கேரியின் கடைசி முடிசூட்டு 1916 டிசம்பர் 30 அன்று நடந்தது. 1945-இல் முடியின் காவலர்கள் அதை ஆஸ்திரியாவில் ஓர் எண்ணெய்ப் பீப்பாய்க்குள் வைத்துப் புதைத்தார்கள். பிறகு அமெரிக்கப் படையிடம் ஒப்படைத்தார்கள். அமெரிக்கா தன் பொன் இருப்பை வைத்திருக்கும் ஃபோர்ட் நாக்ஸிலேயே அதையும் பூட்டி வைத்து, 1978 ஜனவரியில் அதிபர் கார்ட்டர் காலத்தில் திருப்பிக் கொடுத்தது. வாங்கிக்கொண்டது ஒரு கம்யூனிச அரசு. 1990-இல் குடியரசின் சின்னத்தில் முடி வேண்டுமா வேண்டாமா என்று நாடாளுமன்றத்தில் வாதம் நடந்து, வேண்டும் என்று முடிவானது. உச்சியிலுள்ள சிலுவை ஏதோ ஒரு காலத்தில் சாய்ந்துவிட்டது, பெட்டி மூடியில் நசுங்கியதால் என்று பலரும் நினைக்கிறார்கள். நிமிர்த்த ஒரு பொற்கொல்லருக்கு அதிக நேரம் ஆகாது. யாரும் நிமிர்த்தவில்லை. இன்று ஹங்கேரியர் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டிலும் அந்த முடி சாய்ந்த சிலுவையோடுதான் அச்சாகிறது.