முட்டைக்கோஸ்தானே என்று கிம்ச்சியைத் தின்னாதீர்கள்

இந்த மாதமும் ஓர் ஒவ்வாமைச் சம்பவம் வந்துவிட்டது. கொரியாவுக்குப் படிக்கப் போனவர். இறால் ஒத்துக்கொள்ளாது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். இரவுச் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, அவசர சிகிச்சைப் பிரிவு. "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "இறாலைத் தொடவே இல்லை. சோறும் கிம்ச்சியும்தான்."

உணவு ஒவ்வாமைக்காரர்களுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் எங்களுக்கு இந்தப் பதில் மனப்பாடம். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் கிம்ச்சி எப்படிச் செய்கிறார்கள் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாப்பா முட்டைக்கோஸை நெடுக்காகப் பிளந்து, கல்லுப்பில் பல மணி நேரம் ஊறவைத்து, அலசி, வடிய விடுகிறார்கள். பிறகு மசாலா. அதில் கோச்சுகாரு எனும் கொரிய மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கி, வெங்காயத்தாள், அரிசிமாவுக் கஞ்சி எல்லாம் சேரும். இதுவரை பிரச்சினை இல்லை. இதோடு இரண்டு பொருள் சேராமல் வழக்கமான கிம்ச்சி கிடையாது. ஒன்று எக்ஜோத், நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த சாறு. இன்னொன்று சேவுஜோத், பொடி இறாலை உப்பிலிட்டுப் புளிக்கவைத்தது. இரண்டு கிலோ முட்டைக்கோஸுக்கு எக்ஜோத் கால் கப் முதல் அரை கப் வரையும், சேவுஜோத் இரண்டு மேசைக்கரண்டியும் வீட்டுச் சமையலில் சாதாரண அளவு. இறால் நறுக்கியோ அரைத்தோ விழுந்து, புளிக்கப் புளிக்கக் கரைந்துபோகும். வாயில் தட்டுப்படாது, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு இலையிலும் இருக்கும்.

அடுத்து வருவது, "அவ்வளவு நாள் புளித்தால் அழிந்துவிடாதா? கொதிக்கவைத்தால் போய்விடாதா?" அழியாது. போகாது. இறால், நண்டு ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமான ட்ரோபோமயோசின் என்ற புரதம் சூட்டைத் தாங்கும். மீனில் இருக்கும் பார்வால்புமினும் அப்படித்தான். புளிப்பு கொஞ்சம் குறைக்கலாம். ஒவ்வாமைக்காரருக்குக் 'கொஞ்சம் குறைந்தது' என்பதால் பயனில்லை. கிம்ச்சி ஜிகே என்று கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைக்கும் குழம்பும், கிம்ச்சி போட்டு வறுத்த சோறும், கிம்ச்சி அடையும் இதே கணக்குத்தான். தண்ணீரில் அலசித் தின்கிறேன் என்று ஒருவர் வாதாடினார். காரம் குறையும், புரதம் அலம்பிப் போகாது.

சைவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கொரியக் கடையில் 'இறைச்சி வேண்டாம்' என்றால் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் விலகும். மீன் சாறு, நெத்திலித் தண்ணீர், சில கடைகளில் ஹாம் எனும் பதப்படுத்திய பன்றிக்கறித் துண்டுகூட இலையில் இருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அவை இறைச்சியே இல்லை. மீன், இறால், முட்டை, சூப்புத் தண்ணீர் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அந்த சூப்புத் தண்ணீர்தான் இரண்டாவது கண்ணி. உலர்ந்த நெத்திலியையும் தாசிமா எனும் கடற்பாசியையும் கொதிக்கவைத்து வடித்த நீர், கொரிய வீட்டுச் சமையலின் அடித்தளம். வெளிநாட்டவர் மயங்கும் தொக்பொக்கி, அரிசிக் கொழுக்கட்டையும் மிளகாய்ச் சாந்தும் மட்டும் போலத் தெரியும். அது வேகும் நீர் பெரும்பாலும் இதுதான். மேலே மிதக்கும் தட்டைத் துண்டுகள் ஓமுக், அதாவது மீன் மாவுத் தகடு. குளிர்காலத்தில் தெருக்கடையில் ஓமுக் குச்சி வாங்குபவருக்குக் காகிதக் கோப்பையில் தெளிவாக ஒரு சூப்பு ஊற்றிக் கொடுப்பார்கள். முள்ளங்கிச் சாறு என்று நினைத்துக் குடித்துவிடுகிறார்கள். நெத்திலியோடு பல கடைகளில் நண்டும் அதில் கிடக்கும். சுன்துபு என்ற மென்தோஃபு குழம்பில் கிளிஞ்சல். கல்குக்சு என்ற கத்தி நூடுல்ஸில் மறுபடி நெத்திலி. சாதுவாகத் தெரியும் சீமைச் சுரைக்காய் வதக்கலுக்கும் ஆவியில் வேகவைத்த முட்டைக்கும்கூட உப்புக்குப் பதில் சேவுஜோத் போடும் வழக்கம் உண்டு.

கொரியன் சிக்கன் வெளிநாட்டவருக்கு மிகப் பிடித்தது. வெளிநாட்டு நகரங்களில் எடுக்கப்படும் ஆய்வுகளிலும் அதுவே முன்னால் நிற்கிறது. அதில் கோதுமை மாவும் சோயாவும் இருப்பது தெரிந்ததே. தெரியாதது, சாந்து பூசிய சிக்கன் மீதும், தக்காங்ஜோங் எனும் இனிப்புப் பாகு சேர்த்த பொரித்த கோழி மீதும் தூவும் உடைத்த வேர்க்கடலை. சில கடைகளில் இறாலும் கோழியும் ஒரே எண்ணெயில் பொரிகின்றன, கேட்காமல் சொல்லமாட்டார்கள். மசாலாவில் ஊறவைத்துச் சுடும் கறியான புல்கோகியில் கறியை மென்மையாக்க பேரிக்காயோ கிவியோ அரைத்துச் சேர்ப்பார்கள். கிவி ஆகாதவர்கள் கவனிக்க வேண்டும். பிபிம்பாப் எனும் காய்கறிக் கலவைச் சோற்றில் கறி வேண்டாம் என்று தட்டில் இருப்பதை எடுக்கச் சொன்னால் போதாது, கூட வரும் கோச்சுஜாங் எனும் மிளகாய்ச் சாந்தில் கொத்துக்கறியை வதக்கிக் கலந்திருக்கக்கூடும். கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறான கிம்பாப்பில் சிவப்பு விளிம்போடு இருக்கும் நீளத் துண்டு நண்டுக் குச்சி: மீன் மசியல், முட்டை வெள்ளை, கோதுமை, பெரும்பாலும் நண்டுச் சாறு. 'அதை உருவிவிட்டுத் தின்றேன்' என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

ராமியோன் எனும் உடனடி நூடுல்ஸ் பற்றி ஒரு வரி: இந்தியாவில் பச்சைப் புள்ளியோடு விற்கும் பாக்கெட்டையும் கொரியாவில் அதே பெயரில் விற்கும் பாக்கெட்டையும் ஒன்று என்று எண்ணாதீர்கள். அங்குள்ள சுவைப்பொடியில் மாட்டிறைச்சி, பன்றி, கிளிஞ்சல் ஏதாவது ஒன்று இருப்பது சகஜம்.

பாக்கெட்டின் பின்னால் ஒவ்வாமைப் பொருள்களைத் தனிக் கட்டத்தில் அச்சிடுவது கொரியாவில் கட்டாயம். நல்ல சட்டம்தான், ஆனால் முழுக்க நம்பாதீர்கள். பட்டியலில் இருப்பவை 19: முட்டை, பால், பக்வீட் (கோதுமை அல்லாத ஒரு தானியம்), வேர்க்கடலை, சோயா, கோதுமை, கானாங்கெளுத்தி, நண்டு, இறால், பன்றி, பீச், தக்காளி, சல்ஃபைட் (கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள்), வால்நட், கோழி, மாட்டிறைச்சி, கணவாய், கிளிஞ்சல் வகைகள், பைன் பருப்பு. துடுப்புள்ள மீன்களில் கானாங்கெளுத்தி ஒன்றுதான் இருக்கிறது. நெத்திலி இல்லை. ஆகவே மீன் ஒவ்வாமைக்காரர் கட்டத்தை மட்டும் பார்த்தால் எக்ஜோத் கண்ணில் படாது. எள்ளும் பட்டியலில் இல்லை. கொரியச் சமையலில் எள்ளெண்ணெய் விழாத தட்டைத் தேடத்தான் வேண்டும். முந்திரியும் பாதாமும் இல்லை. கட்டத்துக்கு மேலே பொடி எழுத்தில் இருக்கும் முழுப் பொருள் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துப் படியுங்கள். சின்னச் சாப்பாட்டுக் கடையில் இந்தக் கட்டமும் கிடையாது.

பக்வீட் தனியாகச் சொல்ல வேண்டியது. நம் வீட்டுச் சமையலில் அது அநேகமாகக் கிடையாது. தனக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதே பலருக்குத் தெரியாது. கொரியாவில் கோடையில் எல்லாரும் தேடும் குளிர் நூடுல்ஸ் நேங்மியோனில், பியோங்யாங் வகைக்குப் பக்வீட் மாவு; ஹாம்ஹுங் வகைக்குப் பெரும்பாலும் உருளை அல்லது சர்க்கரைவள்ளி மாவு. இரண்டும் ஒரே அடுப்பில், ஒரே தண்ணீரில் வெந்தால் வித்தியாசமே இல்லை. இன்னொன்று, உட்கார்ந்ததும் தண்ணீர் போல வைக்கும் சூடான கோப்பையில் நூடுல்ஸ் வெந்த நீரோ பக்வீட் தேநீரோ இருக்கலாம். தாகத்தில் முதலில் அதைத்தான் குடிக்கிறோம். பக்வீட் ஒவ்வாமை லேசான அரிப்போடு நிற்காமல் கடுமையாக வரக்கூடியது.

ஒவ்வாமை இல்லை, ஆனால் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்தால் சோங்குக்ஜாங் எனும் குறுகிய காலம் புளித்த சோயாக் குழம்பு வேண்டாம், வைட்டமின் கே மிக அதிகம். தைராய்டு மருந்து எடுப்பவர்கள் தாசிமாவை நாள்தோறும் கொதிக்கவைத்துக் குடிக்காதீர்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். உலர்ந்த தாசிமா ஒரு கிராமிலேயே அதைப் பல மடங்கு தாண்டிவிடும். 'இயற்கை உணவுதானே' என்று என்னிடம் வராதீர்கள்.

கிம்ச்சி இல்லாமல் முடியாது என்பவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இரண்டு கிலோ நாப்பா முட்டைக்கோஸுக்கு 200 கிராம் கல்லுப்பு. பாதியை ஒன்றரை லிட்டர் நீரில் கரைத்து முக்கி, மீதியைத் தண்டுப் பக்கம் தூவி, ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊறவிடுங்கள். இரண்டு மணிக்கொரு முறை புரட்டுங்கள். தண்டு ஒடியாமல் வளைந்தால் பதம். தூள் உப்பை இதே அளவில் போட்டால் வெளி இலை கரிக்கும், உள்தண்டு சப்பென்றிருக்கும். மூன்று முறை அலசி, இரண்டு மணி நேரம் கவிழ்த்து வடியவிடுங்கள். உலர்ந்த ஷிடாக்கே காளான் நான்கும் உள்ளங்கையளவு தாசிமாவும் கொதித்த நீரில் ஒன்றரைக் கப், அதில் இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவைக் கரைத்துக் கஞ்சி காய்ச்சி ஆறவிடுங்கள். தாசிமாவை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் நீர் வழுவழுத்துக் கசக்கும். கஞ்சியில் கோச்சுகாரு 100 கிராம், பூண்டு 50 கிராம், இஞ்சி 10 கிராம், துருவிய பேரிக்காய் பாதி, எக்ஜோத்துக்குப் பதில் சூப்புக்கான சோயா சாஸ் நான்கு மேசைக்கரண்டி, மெலிதாய் நறுக்கிய முள்ளங்கி 300 கிராம். நம் ஊர் மிளகாய்த்தூளை இந்த அளவு கொட்டிவிடாதீர்கள். காஷ்மீரி மிளகாயை விதை நீக்கிக் கொரகொரப்பாகப் பொடித்தால் ஓரளவு ஒத்துவரும். கோதுமை ஆகாதவர்கள் சோயா சாஸ் புட்டியையும் படித்துப் பார்க்க வேண்டும். ஜாடியில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் வாயு சேர்ந்து பொங்கும். சியோல் வசந்த காலத்தில் ஒரு நாள் வெளியே, சென்னை வெக்கையில் அரை நாள் போதும், பிறகு குளிர்பெட்டி.

வெளியே சாப்பிட வேண்டுமென்றால் புத்த மடாலயச் சமையல் உண்டு. சியோலில் ஜோக்யேசா கோயிலுக்கு எதிரே பல்வூ கோங்யாங் இருக்கிறது. மீன் சாறும் இல்லை, பூண்டும் இல்லை. அவர்கள் விலக்கும் ஐந்து நெடிப் பொருள்களில் நம் பெருங்காயமும் ஒன்று. ஆனால் எள், சோயா, பைன் பருப்பு எல்லாம் அங்கும் உண்டு. சைவம் என்றால் ஒவ்வாமைக்குப் பாதுகாப்பு என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உச்சரிப்பை நம்பிக் கடையில் பேசாதீர்கள். கொரிய எழுத்தில் ஓர் அட்டை அடித்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 'இறால்' என்று மட்டும் எழுதினால் சமையற்காரருக்குக் கிம்ச்சி நினைவுக்கு வராது. இறால், நண்டு, சேவுஜோத், எக்ஜோத், நெத்திலித் தண்ணீர், ஓமுக் என்று ஒவ்வொன்றையும் எழுதி, 'சிறிதளவும் ஆகாது, மருத்துவமனைக்குப் போக நேரும்' என்று முடியுங்கள். ஒரே இடுக்கியும் கத்தரிக்கோலும் எல்லாக் கறிக்கும் சுழலும் மேசையில் உங்களுக்குத் தனி இடுக்கி கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடும் ஒவ்வாமைக்கு நீங்களே போட்டுக்கொள்ளும் ஊசியான எபிநெஃப்ரின் பேனாவை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது விடுதி அறையில் அல்ல, பையில் இருக்க வேண்டும். மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம், தலைசுற்றல், தடிப்போடு வாந்தி, இதில் எது வந்தாலும் முதலில் ஊசி, தொடையின் வெளிப்பக்கத்தில், துணிக்கு மேலேயே. அடுத்து கொரியாவின் அவசர உதவி எண் 119. அரிப்பு மாத்திரையைப் போட்டுக் காத்திருக்காதீர்கள். அது மூச்சுத் திணறலுக்கு மருந்தல்ல. படுத்துக் கால்களை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காருங்கள், எழுந்து நடக்காதீர்கள். சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம். மருத்துவர் அனுப்பும்வரை கிளம்பாதீர்கள். சாப்பிட்டது பாக்கெட் உணவென்றால் அந்த உறையைத் தூக்கியெறியாமல் கையோடு கொண்டுபோங்கள்.