கோணம் எதை அளக்கிறது?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. எப்படி வேண்டுமானாலும் ஒருமுறை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள். அளவுகோல் இல்லாமலே ஒரு நேர்க்கோடு கிடைத்திருக்கும். சரி, அதே மடிப்பில் திரும்பவும் மடியுங்கள். இப்போது அந்த மடிப்பின் ஒரு பகுதி இன்னொரு பகுதியின் மேல் அப்படியே படியும்படி மேலும் ஒருமுறை மடியுங்கள். பிரித்தால் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டி நிற்கும். வெட்டும் இடத்தில் நான்கு கோணங்கள், நான்கும் செங்கோணங்கள். பாகைமானியை நாம் தொடவே இல்லை.

மடிப்புகள் சந்திக்கும் இடம்தான் புள்ளி. கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட், பகுதி எதுவும் இல்லாதது புள்ளி என்றும், அகலமில்லாத நீளம் கோடு என்றும் வரையறுத்தார். பென்சிலை எவ்வளவு கூராகச் சீவினாலும் நாம் வைக்கும் புள்ளிக்குக் கொஞ்சமாவது பருமன் இருக்கும். அப்படியானால் தாளில் இருப்பது கோட்டின் படம்தான், கோடு அல்ல.

கோடு இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போவது. அதில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள பகுதி கோட்டுத்துண்டு. ஒரு புள்ளியில் தொடங்கி ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருப்பது கதிர்; டார்ச் விளக்கிலிருந்து கிளம்பும் ஒளியை நினைத்துக்கொண்டால் போதும். பேச்சில் மூன்றையும் கோடு என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் 5 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர் என்று நீளம் சொல்ல முடிவது கோட்டுத்துண்டுக்கு மட்டும்தான்.

ஒரே புள்ளியில் தொடங்கும் இரண்டு கதிர்கள் சேர்ந்து ஒரு கோணத்தை உண்டாக்குகின்றன. தொடங்கும் புள்ளி அதன் முனை, கதிர்கள் அதன் கரங்கள். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கரங்களை நீளமாக வரைந்தால் கோணமும் பெரிதாகிவிடும் என்று தோன்றும். கைக்கடிகாரத்தையும் கோபுரக் கடிகாரத்தையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மணி 3. ஒன்றின் முள் விரல்நகம் அளவு, மற்றதன் முள் ஆள் உயரம். ஆனால் இரண்டிலும் முட்களுக்கு இடையே அதே 90 பாகைதான். ஒரு கரத்தைத் திருப்பி மறு கரத்தின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்க எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதே கோணம். கோணம் அளப்பது திருப்பத்தை. இது மனதில் பதிந்துவிட்டால் மீதிப் பெயர்கள் எல்லாம் தானாக வந்து சேரும்.

முழுச் சுற்று 360 பாகை. 60-ஐ அடிப்படையாக வைத்து எண்ணிய பாபிலோனியர்களின் கணக்கு முறையிலிருந்து நமக்கு வந்த பிரிப்பு இது. 360-ஐ 1 முதல் 10 வரை 7 தவிர எல்லா எண்களாலும் மீதியின்றி வகுக்கலாம். கணக்குப் போடுகிறவருக்கு எவ்வளவு வசதி! சுற்றில் கால்பங்கு செங்கோணம். அதற்குக் குறைந்தால் குறுங்கோணம், கூடினால் விரிகோணம். அரைச் சுற்று, அதாவது 180 பாகை, நேர்க்கோணம். பார்வைக்கு வெறும் கோடாகவே தெரியும். அதையும் தாண்டினால் பின்வளைகோணம்.

செங்கோணத்தில் உள்ள ‘செம்’ சிவப்பு அல்ல, செம்மை. வளையாத கோல் செங்கோல் ஆனது போலத்தான் செங்கோணமும், செங்குத்தும். யூக்ளிட் அதை வரையறுத்த விதமும் அழகானது. அதில் பாகையே வராது. ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு நிற்கிறது. இருபுறமும் உள்ள அடுத்துள்ள கோணங்கள் சமமாக இருந்தால் ஒவ்வொன்றும் செங்கோணம். அவ்வளவுதான். தாளை மடித்தபோது நாம் செய்ததும் இதுவே. மடிப்பை அதன் மேலேயே படிய வைத்ததால் இரு பக்கக் கோணங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின, ஆகவே சமமாயின.

அடுத்து ஒரு கத்தரிக்கோல். கைப்பிடிகளை விரித்தால் எதிர்ப்பக்கம் அலகுகளும் விரிகின்றன. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகளில் எதிரெதிரே இருக்கும் கோணங்களுக்குக் குத்தெதிர்க் கோணங்கள் என்று பெயர். அவை எப்போதும் சமம். காரணம் எளிது: ஒரு கோணம் 40 பாகை என்றால், அதோடு சேர்ந்து நேர்க்கோணம் ஆக வேண்டிய பக்கத்துக் கோணம் 140. அந்த 140-க்கு மறுபக்கத்தில் இருப்பதும் அதோடு சேர்ந்து 180 ஆக வேண்டும், எனவே அது மறுபடியும் 40. இப்படி 180-ஐ நிறைவு செய்யும் இரண்டு கோணங்கள் மிகைநிரப்புக் கோணங்கள். 90-ஐ நிறைவு செய்பவை நிரப்புக் கோணங்கள்.

எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காத, ஒரே தளத்தில் உள்ள கோடுகள் இணைகோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கோடு குறுக்குவெட்டி. அதனால் உண்டாகும் எட்டுக் கோணங்களில் ஒன்று 70 பாகை என்றால், மற்ற ஏழும் 70 அல்லது 110 தான், வேறு அளவே வராது. குறுக்குவெட்டியின் இருபுறமும், இணைகோடுகளுக்கு உள்ளே, மாறி மாறி அமையும் சமமான கோணங்களை ஒன்றுவிட்ட கோணங்கள் என்கிறோம். பாடப்புத்தகத்தில் இந்தப் பெயரை மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகிறோம். எனக்கோ, வடிவியலிலேயே மிகவும் பிடித்த சொல் இது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. எகிப்தின் தெற்கே சையீன் என்ற ஊரில், கோடையின் மிக நீண்ட பகல் நாளன்று நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிமிர்ந்த கம்பத்துக்கு நிழல் இருக்காது. அதே நேரத்தில் வடக்கே அலெக்சாந்திரியாவில் கம்பத்துக்கு நிழல் விழும். கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் அங்கே கம்பத்துக்கும் சூரிய ஒளிக்கும் இடைப்பட்ட கோணம் ஒரு சுற்றில் 50-இல் ஒரு பங்கு என்று கண்டார். நம் கணக்கில் 7.2 பாகை.

இப்போது படத்தை மனதில் வரையுங்கள். சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் இரு ஊர்களிலும் விழும் ஒளிக்கதிர்கள் இணைகோடுகள். சையீனில் விழும் கதிரை மண்ணுக்குள் நீட்டினால் நேராகப் பூமியின் மையத்துக்குப் போகும். அலெக்சாந்திரியாவின் கம்பத்தைக் கீழே நீட்டினால் அதுவும் மையத்துக்கே போகும்; அதுதான் குறுக்குவெட்டி. ஆக, கம்பத்தின் உச்சியில் உள்ள கோணமும் பூமியின் மையத்தில் உள்ள கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள். இரண்டும் சமம். மையத்தில் உள்ள கோணம் சுற்றில் 50-இல் ஒரு பங்கு என்றால், இரு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரமும் பூமியின் சுற்றளவில் 50-இல் ஒரு பங்கு.

அந்தத் தூரம் 5,000 ஸ்டேடியம் (அக்காலக் கிரேக்க நீள அளவு) என்று வைத்துக்கொண்டு அதை 50-ஆல் பெருக்கினார்: 2,50,000. ஒரு ஸ்டேடியம் எத்தனை மீட்டர் என்பதில் இன்றும் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நம் அளவில் சொன்னால், அந்த ஊர்களுக்கு இடையே தெற்கு வடக்காக ஏறத்தாழ 800 கிலோமீட்டர். 50-ஆல் பெருக்கினால் 40,000. பூமியின் சுற்றளவும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த 7.2 பாகை இருந்தது யாரும் போக முடியாத பூமியின் நடுவில். அவர் அதை அளந்தது தரையில் விழுந்த நிழலில்.