எண்ணெய்க் கரண்டியும் எடைத் தராசும்

என் தங்கைக்குப் பிரசவமாகி எட்டு மாதம் ஆகிறது. கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையைவிட இன்னும் ஒன்பது கிலோ கூடுதல். கைபேசியில் கலோரி கணக்கிடும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, சாப்பிட்ட ஒவ்வொரு தோசையையும் அதில் பதிந்து வருகிறாள். நாளுக்கு 2,000 கலோரி என்று வரம்பு. உடம்பு செலவழிப்பதைவிட 500 குறைவாக இருக்கும்படி செயலியே போட்டுத் தந்தது. ஆனால் மூன்று வாரமாக எடை ஒரே இடத்தில் நிற்கிறது. "இந்தச் செயலி பொய் சொல்கிறதா, என் உடம்பு பொய் சொல்கிறதா?" என்று கேட்டாள். சமையலறையிலிருந்தே பதில் தேடலாம் என்று உட்கார்ந்தோம்.

மாவு அளக்க வாங்கிய சிறிய மின்தராசு வீட்டில் இருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை அதில் வைத்து எடை குறித்தேன். அவள் வழக்கம்போல இரண்டு தோசை வார்த்தாள். ஓரத்தில் ஒரு சுற்று, திருப்பிப் போட்டபின் இன்னொரு சுற்று. கிண்ணத்தை மறுபடி வைத்தபோது 18 கிராம் குறைந்திருந்தது. செயலியில் அவள் பதிந்திருந்தது "எண்ணெய், 1 டீஸ்பூன்", அதாவது ஏறக்குறைய 40 கலோரி. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி என்றால் 18 கிராமுக்கு 162. கல்லில் ஒட்டியது போக, காலைப் பலகாரம் முடியும் முன்பே நூறு கலோரி கணக்கில் வராமல் உள்ளே போயிருந்தது. மதியத் தாளிப்பும் பொரியலும் இதேபோல்தான். அம்மா வைக்கும் பூண்டுக் குழம்பில் எண்ணெய் மேலே மிதந்தால்தான் அது குழம்பு. ஒரு நாளுக்கு 250 கலோரி தவறுவதற்கு யாரும் திருட்டுத்தனமாக எதுவும் சாப்பிட வேண்டியதில்லை.

இது அவளுடைய குறை மட்டுமல்ல. நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை நியூயார்க்கில் சோதித்த ஆய்வு ஒன்று 1992இல் வெளிவந்தது. அவர்கள் தாங்கள் சாப்பிட்டதாகச் சொன்ன அளவு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. வளர்சிதை மாற்றமோ அவர்களுக்கு இயல்பாகவே இருந்தது.

உண்மையில் சாப்பிட்டது எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதில்தான் அழகான ஒரு தந்திரம் இருக்கிறது. சாதாரண ஹைட்ரஜன், ஆக்சிஜனைவிடச் சற்றுக் கனமான அணுக்களைக் கொண்ட தண்ணீரை ஒருவருக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கனமான ஹைட்ரஜன் வியர்வை, சிறுநீர் என்று நீராக மட்டுமே வெளியேறும். கனமான ஆக்சிஜனோ நீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். ஆகவே ஆக்சிஜன் சீக்கிரம் தீரும். இரண்டும் குறையும் வேகத்தில் உள்ள வித்தியாசத்தை ஓரிரு வாரச் சிறுநீர் மாதிரிகளில் அளந்தால் உடம்பு எவ்வளவு கரியமில வாயு விட்டது என்று தெரியும். அதிலிருந்து எவ்வளவு எரித்தது என்று தெரியும். எடை மாறாமல் இருப்பவர் எரித்த அளவே சாப்பிட்டிருக்க வேண்டும். டைரியில் எதை எழுதினாலும் சிறுநீர் அதை ஒப்புக்கொள்ளாது.

உணவுப் பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணும் கல்லில் செதுக்கியதல்ல. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற கணக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் வகுத்த சராசரி. பாதாமை மெல்லும்போது ஒரு பகுதி உடைபடாமலே வெளியேறிவிடுகிறது. அமெரிக்க வேளாண் துறையின் விஞ்ஞானிகள் 2012இல் அளந்தபோது, 28 கிராம் பாதாமில் உடம்பு எடுத்துக்கொண்டது 129 கலோரி. பழைய கணக்கு 170 என்றது.

இனி செலவுப் பக்கம். பிள்ளை பெற்றவளின் கணக்கு வேறு யாருடையதையும்விடச் சிக்கலாவது இங்கேதான்.

தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 67 கலோரி. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு நாளுக்கு 750 மில்லி என்று கொண்டால் பாலில் மட்டும் 500 கலோரி போகிறது. பால் சுரக்க உடம்பு செய்யும் வேலையையும் சேர்த்தால் 600ஐத் தாண்டும். அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளுக்குக் கூடுதலாக 600 கலோரியும், அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் பரிந்துரைக்கிறது. இந்தச் செலவுக்கென்றே கர்ப்பக் காலத்தில் உடம்பு மூன்று, நான்கு கிலோ கொழுப்பை முன்கூட்டியே சேர்த்துவைக்கிறது. ஒருவகையில் அது பாலுக்கான முன்பணம்.

குழந்தை இரண்டு மாதமாக இருந்தபோது என் தங்கை செயலியில் "பாலூட்டுகிறேன், 600" என்று குறித்திருந்தாள். அதன்பின் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. குழந்தையோ இப்போது கேழ்வரகுக் கூழும் பருப்புச் சாதமும் சாப்பிடுகிறது. பால் பெரும்பாலும் இரவில்தான். நாளுக்கு 400 மில்லி என்று வைத்துக்கொண்டால், சுரக்கும் வேலையையும் சேர்த்துத் தாய்க்குச் செலவு 335 கலோரியை ஒட்டித்தான் வரும். செயலி இன்னும் 600 என்று நம்பிக்கொண்டிருக்கிறது. எண்ணெயில் 250, பாலில் 265. செயலி திட்டமிட்டிருந்த 500 கலோரிப் பற்றாக்குறை அப்படியே கரைந்துபோயிற்று. மூன்று வாரம் எடை அசையாததில் மர்மம் ஒன்றுமில்லை.

இவை இரண்டையும் சரிசெய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. 7,700 கலோரி குறைத்தால் ஒரு கிலோ போகும் என்பது 1958இல் மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர் கொடுத்த கணக்கின் வழிவந்தது. அது ஒரு கிலோ உடல் கொழுப்பிலுள்ள ஆற்றலைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது, பசி கூடுகிறது, நாமறியாமலே கைகால் அசைவது குறைகிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2011இல் வெளியிட்ட கணித மாதிரி, செலவு இப்படிக் குறைவதையும் சேர்த்துக்கொள்கிறது. அதன்படி எடைக்கோடு நேராக இறங்காமல் மெல்ல மெல்லச் சமதளத்துக்கு வருகிறது.

தூக்கத்தையும் விடக்கூடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. பிரசவித்த ஆறாம் மாதத்தில் ஐந்து மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாகத் தூங்கியவர்களிடம், ஓராண்டு முடிவில் ஐந்து கிலோவுக்கு மேல் எடை தங்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட வெகுவாகக் கூடியிருந்தது. இரவில் மூன்று முறை எழுந்து பால் கொடுப்பவளிடம் இதைச் சொல்லி என்ன பயன் என்று எனக்கே தோன்றியது. அந்த வீட்டில் இரவில் குழந்தையைத் தூக்கிக்கொள்ள இன்னொருவர் இருக்கிறாரா என்பதுதான் உண்மையான கேள்வி.

பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பி அழற்சி கண்டு மந்தமாகும் பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் நான்காம் மாதத்துக்கும் எட்டாம் மாதத்துக்கும் இடையில் இது தலைகாட்டும். சோர்வு, குளிர் தாங்காமை, எடை குறையாமை எல்லாம் பிள்ளை வளர்க்கும் அலுப்பு என்றே கடந்துபோய்விடும். ஒரு இரத்தப் பரிசோதனை போதும்.

எடை குறைய வேண்டும் என்பதற்காகப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. பால் குறைந்துவிடுமோ என்ற அம்மாவின் பயத்துக்கும் ஓரளவு பதில் இருக்கிறது. எடை கூடியிருந்த, தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவந்த பெண்களை வைத்து அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்த ஆய்வு 2000இல் வெளியானது. நாளுக்கு 500 கலோரி குறைத்து, வாரம் நான்கு நாள் உடற்பயிற்சியும் செய்தவர்கள் வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் குறைந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளின் வளர்ச்சியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

தங்கை இப்போது வாரத்துக்கு ஒருநாள் மட்டும் எண்ணெய்க் கிண்ணத்தை நிறுக்கிறாள். செயலியில் 600 என்பதை 335 ஆக மாற்றிவிட்டாள். தன் எடையைத் தினமும் பார்த்தாலும் ஏழு நாள் சராசரியைத்தான் எழுதிவைக்கிறாள். உப்புக் கூடிய ஒரு கருவாட்டுக் குழம்பு மறுநாளே நீரைப் பிடித்துவைத்து ஒரு கிலோவைக் காட்டிவிடும். சென்ற வாரம் சராசரி 300 கிராம் இறங்கியிருந்தது. அம்மாவுக்கு மட்டும் குழம்பில் எண்ணெய் போதவில்லை என்ற மனக்குறை தீரவில்லை.